புளியடிக் குளத்தில் ஒரு கூடை மணல்

எனக்கு எமன் வெளியிலேந்து வர வேண்டியதில்லை, என் வாயே போதும். அன்னைக்கு அந்த வாயாலதான் எங்க தெருவோட குடிதண்ணியையே பணயம் வச்சேன். நான் அமுதம். காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்துக்குக் கிழக்கே, கடலுக்கு ஒரு மைல் தள்ளி எங்க தெரு. நடவு, களையெடுப்பு, செங்கல் சூளைன்னு எந்த வேலைக்கும் போவேன். குளம் வத்துற நேரத்துல சேத்துல எறங்கி, காலாலயே தடவி மீன் பிடிப்பேன். அதுல என்னை மிஞ்ச அந்தச் சுத்துவட்டாரத்துல ஆள் கெடையாது. பெருமைன்னு நெனச்சா நெனச்சுக்குங்க, உண்மையத்தானே சொல்றேன்.

எண்பத்திமூணாம் வருஷம், வைகாசி மாசம். அதுக்கு முந்தின ஐப்பசி, கார்த்திகை ரெண்டும் மழை இல்லாமலே போயிடுச்சு. ஆத்துலயும் தண்ணி வரல. புளியடிக் குளம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு. வெடிப்புல கைய விட்டா முழங்கை வரைக்கும் போகும்.

கடலோர ஊருல எங்க தோண்டினாலும் உப்புதான். எங்க தெருவுக்கு வாயில வைக்குற மாதிரி தண்ணி இருந்தது ஒரே ஒரு கிணத்துல, கமருன்னிசா அக்கா வீட்டுக் கொல்லையில. அவங்க வீட்டுக்காரர் துபாயில இருந்தாரு. அக்கா விடியக்காலையில கொல்லைக் கதவைத் தொறந்து வச்சாங்கன்னா ராத்திரிதான் சாத்துவாங்க. யாரு வேணாலும் எறைச்சுக்கலாம். கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம்தான் புளியடிக் குளம். குளத்து ஊத்துதான் கிணத்துக்கு வருது, அது எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். குளத்தைத் தூத்துட்டா அடுத்த வருஷமே கிணறு உப்பாயிடும்.

அந்தக் குளத்தைத்தான் தூத்தே ஆகணும்னு நின்னாரு மேரு.

பிரெஞ்சுக்காரன் காலத்துலேந்து ஊர்த்தலைவருக்கு மேருன்னுதான் எங்க பக்கம் பேரு. தெட்சிணாமூர்த்தி ஐயாவுக்குப் பதவி போயி அஞ்சாறு வருஷம் ஆயிடுச்சு. ஆனா பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. அவரு அப்பா பேருல ஒரு கல்யாண மண்டபம் கட்டணும்னு ஆசை. அதுக்குக் குளத்துமேலதான் கண்ணு. தூத்துறதுக்கு லாரி லாரியா மணல் கொண்டாந்து ரோட்டோரம் மலையா குவிச்சு வச்சிட்டாரு. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுலேந்து ஆபீசர் வந்து, இது செத்த குளம்னு ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான் பாக்கி.

ஆபீசர் பூமிநாதன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாரு. நல்ல மனுஷன், அதட்டாம பேசுவாரு. மேரு குடையால குளத்தைக் காட்டினாரு.

"ரெண்டு வருஷமா ஒரு சொட்டுத் தண்ணி இல்லை சார். புல்லு பூண்டு முளைக்கல. ஒரு புழு பூச்சி உண்டா பாருங்க. செத்துப்போன குளம். கிணத்தைப் பத்திக் கவலைப்பட வேண்டாம். மூணு மாசத்துல பைப்பு வந்துடும்."

மூணு மாசம்! நான் கல்யாணம் ஆகி வந்த நாளா அந்தப் பைப்பு வந்துக்கிட்டேதான் இருக்கு. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறிடுச்சு. கூட்டத்தை இடிச்சுக்கிட்டு முன்னாடி போயி நின்னேன்.

"யாரு சொன்னா செத்துப்போச்சுன்னு? மேலதாங்க காய்ஞ்சிருக்கு. அடியில உசிரு இருக்கு. விராலும் பனையேறிக் கெண்டையும் சேத்துக்குள்ள எறங்கிப் படுத்திருக்குங்க. அதுங்க மத்த மீனு மாதிரி தண்ணியிலேயே மூச்சு விடுற சாதி இல்லை. தலைய நீட்டி நம்மள மாதிரி காத்து வாங்குற சாதி. சேறு ஈரமா இருக்குற வரைக்கும் மாசக்கணக்குல சாப்பாடு தண்ணி இல்லாம அசையாம கெடக்கும். அதுங்க உசிரோட இருக்குன்னா அடியில ஊத்து இருக்குன்னு அர்த்தம்."

மேரு சிரிச்சாரு. "காய்ஞ்ச மண்ணுல மீனா? சார், இவளுக்கு வெயில் மண்டையில ஏறிடுச்சு."

ஊரே சிரிச்சுது. அங்கதான் என் வாய் என்னைக் கேக்காம கெளம்பிடுச்சு.

"நாளைக்கே தோண்டிக் காட்டுறேன். ஒரு உசிரு கூட இல்லேன்னா, மொத கூடை மணலை நானே என் கையால குளத்துல கொட்டுறேன்!"

கமருன்னிசா அக்கா பின்னாலேந்து என் முந்தானையப் புடிச்சு இழுத்தாங்க. "யா அல்லா, என்ன பேச்சு பேசுறே அமுதம்!"

பேசியாச்சே. இனிமே முழுங்க முடியுமா?

ஆபீசர் என் பக்கம் திரும்புனாரு. "சரிம்மா. நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு வர்றேன். என் கண்ணு முன்னாடி தோண்டணும். உயிரோட ஒரு மீன் வந்தாலும் செத்த குளம்னு நான் எழுத மாட்டேன். வரலேன்னா எழுதிடுவேன்." சொல்லிட்டு ஜீப்புல ஏறிட்டாரு.

அன்னைக்கு வெயில் சாயுற நேரத்துல செருப்பக் கழட்டிப் போட்டுட்டு குளத்துல எறங்கினேன். நடுக்குளத்துல மண்ணு வெள்ளையா இல்லாம கொஞ்சம் கறுப்பா இருக்குற எடமா பாத்து ஒவ்வொரு அடியா வச்சேன். கண்ணால தேடுனா ஆகாது. உள்ளங்காலுதான் சொல்லணும். ஒரு எடத்துல மண்ணு கொஞ்சம் குளுந்துச்சு. அங்க குந்தி உக்காந்து பாத்தா, ரெண்டு வெடிப்பு சேருற மூலையில கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு ஓட்டை. சுத்தி ஓரமெல்லாம் ஈரம். பக்கத்துலயே இன்னும் ரெண்டு. கன்னத்தை மண்ணுல வச்சுக் காதைக் குடுத்தேன். உள்ளேந்து 'புளுக்'குன்னு ஒரு சின்ன சத்தம். அய்யோ, எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே! அடி ஆத்தீ, இருக்கியாடி என் ராசாத்தின்னு அந்த ஓட்டைகிட்டயே கொஞ்சினேன்.

அப்பவே தோண்டிப் பாக்க கை துறுதுறுத்துச்சு. ஆனா தோண்டின மண்ணைப் பாத்தா, சந்தையில மீனு வாங்கியாந்து பொதைச்சுட்டான்னு மேரு சொல்லிடுவாரு. ஆபீசர் முன்னாடிதான் தோண்டணும். எடம் மாறிடக் கூடாதேன்னு நாலு பூவரசங் குச்சிய ஒடிச்சேன். என் பழைய செவப்புப் புடவையில ஓரத்தைக் கிழிச்சு ஒவ்வொண்ணுலயும் கட்டுனேன். அந்த எடத்தைச் சுத்தி நாலு மூலைக்கும் நட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

மறுநாள் காலையில நிரவியில சூளை வேலை. போகாட்டா வேற ஆளைப் போட்டுடுவாங்க, போயிட்டேன். உடம்புதான் அங்க இருந்துச்சு. மூணு செங்கல்லை ஒடச்சு மேஸ்திரிகிட்டத் திட்டு வாங்குனேன். நாலு மணிக்கு ஓட்டமும் நடையுமா குளத்தங்கரைக்கு வந்து சேந்தேன். திருவிழாக் கூட்டம்! மேரு குடையோட நிக்குறாரு. ஆபீசர் வந்துட்டாரு. நான் மண்வெட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு ராணி மாதிரி கரையிலேந்து எறங்குனேன்.

நாலு எட்டு வச்சதும் காலு நின்னுடுச்சு.

குச்சியக் காணோம். குச்சி இருந்த எடத்தையும் காணோம். அங்க இடுப்பளவுக்கு ஒரு பெரிய பள்ளம். சுத்தி டிராக்டர் சக்கரத் தடம்.

"யாருடா வெட்டுனது?"ன்னு கத்துனேன்.

வண்டல் வெட்டுற காத்தமுத்து கூட்டத்துலேந்து தலையச் சொறிஞ்சுக்கிட்டு வந்தான். எனக்கு ஒண்ணுவிட்ட தம்பி முறை. "நாந்தாங்க்கா. குளத்தைத் தூத்துறதுக்கு முன்னாடி நல்ல வண்டலா ரெண்டு டிராக்டர் தன் தென்னைக்குப் போடச் சொன்னாரு மேரு. காலையில வந்து பாத்தா நாலு மூலைக்கும் குச்சி நட்டு செவப்புத் துணி கட்டியிருந்துச்சு. சரி, எங்க வெட்டணும்னு மேரே ஆளுவிட்டு அடையாளம் வச்சிருக்காருன்னு அந்த எடத்துலயே வெட்டிட்டோம்."

கோடையில குளம் வத்துனா ஊருல எல்லாரும் வயலுக்கு வண்டல் எடுப்பாங்க. எவனுக்கு எந்த எடம்னு சண்டை வராம இருக்க நாலு மூலைக்குக் குச்சி நடுவாங்க. குச்சி நட்டா 'இங்க வெட்டு'ன்னு அர்த்தம். சின்னப் புள்ளைக்கும் தெரியும். எத்தனையோ கோடையில நானே அந்தக் குச்சிய நட்டவ. என் மீனை நானே வெட்டச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு, சூளையில போயி செங்கல்லு தூக்கிக்கிட்டு இருந்திருக்கேன். தூ, நானெல்லாம் ஒரு பொம்பளையா!

"ஆரம்பிக்கலாமாம்மா?"ன்னாரு ஆபீசர்.

அழுகையப் பல்லுல கடிச்சுக்கிட்டுப் பள்ளத்துல எறங்கி வெட்டுனேன். அடியில சேறு ஈரமா இருந்துச்சு, ஆனா மீனு இல்லை. பத்தடி தள்ளி வெட்டுனேன். ஒரு செத்த நத்தை. இந்தப் பக்கம் வெட்டுனேன், அந்தப் பக்கம் வெட்டுனேன். உள்ளங்கை ரெண்டும் கொப்புளிச்சு ஒடஞ்சுது. பதட்டத்துல என் காலும் ஒண்ணும் சொல்லல. அஞ்சரை மணி ஆயிடுச்சு. கூட்டத்துல மொதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் சிரிப்பும் அடங்கிடுச்சு. அதுதான் இன்னும் கேவலமா இருந்துச்சு.

"போதும்மா, மேல வா"ன்னாரு ஆபீசர். அவருக்கும் மொகம் வாடித்தான் இருந்துச்சு.

மேரு விடுவாரா? "வாக்குன்னா வாக்கு. மொத கூடைய நீயே கொட்டுறேன்னு சொன்னியா இல்லியா?"

ரோட்டோரத்துலேந்து ஒரு கூடை மணலை அள்ளியாந்து என் தலையில வச்சாங்க. எத்தனையோ பாரம் தூக்கியிருக்கேன். அந்தக் கூடை கனத்த கனம் வேற எதுவும் கனத்ததில்லை. கரையோரமா போயி நின்னேன். கமருன்னிசா அக்கா முக்காட்டை இழுத்து மொகத்தை மூடிக்கிட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டு மணலைக் குளத்துல கொட்டிட்டேன். சரசரன்னு சரிஞ்சு உள்ள போச்சு.

"காப்பி சாப்புட்டுட்டு வீட்டுலயே கையெழுத்துப் போட்டுடலாம் சார்"னு ஆபீசரை அழைச்சுக்கிட்டு மேரு போயிட்டாரு. அப்ப காத்து சட்டுன்னு நின்னு போச்சு. கடல் பக்கம் வானம் கருங்கும்முன்னு வந்துச்சு. எனக்கு எதுவும் உறைக்கல. வெறுங்கூடையக் கையில வச்சுக்கிட்டுக் கரையிலேயே உக்காந்துட்டேன்.

காத்தமுத்து பக்கத்துல வந்து நின்னான். "தப்பா நெனச்சுக்காதேக்கா. நான் என்னத்தைக் கண்டேன்? அந்த எடத்துல வேற காலையில உசிரு போயி உசிரு வந்துச்சு. வெட்டி அள்ளுறப்ப சேத்துக்குள்ளேந்து வாலு ஒண்ணு நெளிஞ்சுது. கறுப்பா, இந்தாத் தண்டி. பாம்புன்னு பயந்து, மேல நாலு கட்டி சேத்தைப் போட்டு அமுக்கி வண்டிய விட்டுட்டோம்."

நான் மெல்லத் திரும்பி அவனைப் பாத்தேன்.

"தலை பாத்தியா?"

"இல்லைக்கா, வாலுதான்."

"அட எடுபட்ட பயலே! அது பாம்பு இல்லடா, விராலு! விராலுடா!" எந்திரிச்சு அவன் சட்டையப் புடிச்சு உலுக்கிட்டேன். "எங்கடா கொட்டுனே அந்த மண்ணை?"

"மேரு வீட்டு வாசல்லதாங்க்கா. தென்னை மரத்துக்குப் பக்கத்துல..."

அவன் முடிக்கல, பெரிய பெரிய சொட்டா மழை மேல விழுந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, அப்புறம் கொட்டு கொட்டுன்னு கொட்டுது. எத்தனை மாசம் கழிச்சு மழை! தெருவுல ஆளாளுக்குக் குடத்தையும் சட்டியையும் தூக்கிக்கிட்டு வெளியில ஓடியாறாங்க. நான் மேரு வீட்டைப் பாத்து ஓடுறேன். புடவையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, ரெண்டு தடவை வழுக்கி விழுந்து எந்திரிச்சு, கத்திக்கிட்டே ஓடுறேன். "கையெழுத்துப் போடாதீங்க! ஐயா, கையெழுத்துப் போட்டுடாதீங்க!" பின்னால காத்தமுத்து, அவன் பின்னால கமருன்னிசா அக்கா, அக்கா பின்னால பாதித் தெரு.

மேரு வீட்டு இரும்புக் கேட்டு சாத்தியிருந்துச்சு. கம்பியப் புடிச்சுக்கிட்டு உள்ள பாத்தேன். வராந்தாவுல நாக்காலி போட்டு ஆபீசர் உக்காந்திருக்காரு. ஒரு கையில காப்பி டம்ளர், மடியில காகிதம், பேனா மூடியக் கழட்டிட்டாரு. வாசல்ல தென்னையோரமா வண்டல் குவியல், மேல மழை விழுந்து கொழகொழன்னு கரைஞ்சு சிமெண்டுத் தரையில வழியுது.

"ஐயா! அந்தக் குவியலைப் பாருங்கய்யா!"

"யாரு உன்னை இங்க வரச் சொன்னது?"ன்னு மேரு எழுந்தாரு. அப்ப வீட்டுக்குள்ளேந்து அவரு சம்சாரம் கமலாம்பாள் அம்மா வாசப்படிக்கு வந்தாங்க. சுத்த சைவம் அந்த வீடு. மீன்காரி அந்தத் தெருவுல கூவுறதுகூட கெடையாது. அந்தம்மா படியப் பாத்தாங்க. ஒரே அலறல்.

"ஏங்க! என்னமோ நடந்து வருதுங்க!"

நடந்துதாங்க வந்துச்சு. பனையேறி! உள்ளங்கை நீளம் இருக்கும். செவுளை விரிச்சுத் தரையில ஊணி, வாலால தள்ளி, ஒரு பக்கம் சாஞ்சு சாஞ்சு, மழைத்தண்ணிய எதிர்த்துக்கிட்டு வராந்தாப் படியப் பாத்து வருது. அது பின்னால இன்னொண்ணு. அது பின்னால மூணு. சேத்துக்குள்ளேந்து ஒரு பெரிய தவளை பொத்துன்னு குதிச்சு மேரோட செருப்புல உக்காந்துச்சு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. கேட்டைத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டேன்.

"விராலு எங்க? வாடி என் தாயி, வெளியில வா!"

குவியல் ஒரு பக்கம் பொத்துன்னு சரிஞ்சுது. உள்ளேந்து கறுப்பா, என் முழங்கைத் தண்டிக்கு, பளபளன்னு விராலு துள்ளுச்சு பாருங்க! ஒரு துள்ளல்ல வராந்தா ஓரம், அடுத்த துள்ளல்ல ஆபீசர் காலடி. அவரு டம்ளரைக் கீழ போட்டுட்டு ரெண்டு காலையும் நாக்காலி மேல தூக்கிக்கிட்டாரு. அப்புறம் குனிஞ்சு பாத்து, சின்னப் புள்ளையாட்டம் கெக்கெக்கேன்னு சிரிச்சாரு.

"இந்த மண்ணு எங்கேந்து வந்தது?"ன்னு கேட்டாரு.

"புளியடிக் குளத்துலேந்து சார். இன்னைக்குக் காலையில நானே வெட்டிக் கொண்டாந்தேன்"னான் காத்தமுத்து. தெருவே ஆமான்னுது.

மேரு விடல. "வாய்க்கால்லேந்து ஏறி வந்திருக்கும் சார். மழை பேஞ்சா வரும்."

"எந்த வாய்க்கால்ல தண்ணி ஓடுது? மழை வந்து கால் மணி நேரம்கூட ஆகல. இவ்வளவு பெரிய மீனு கால் மணி நேரத்துல வளந்துடுச்சா?"ன்னாரு ஆபீசர். பேனா மூடிய எடுத்து இறுக்க மூடி சட்டைப் பையில சொருகுனாரு. "செத்த குளம்னு நான் எழுத முடியாது. அடியில ஊத்து இருக்கு. மொதல்ல தூர் வாரணும்னுதான் எழுதுவேன்."

மேரு ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. கமலாம்பாள் அம்மா குறுக்க வந்தாங்க. அலறுன அலறல்ல அவங்க கண்ணு இன்னும் கலங்கித்தான் இருந்துச்சு.

"நீங்க சும்மா இருங்க. நாம குடிக்கிற தண்ணி எந்தக் கிணத்துத் தண்ணி? தெனமும் மூணு குடம் அந்த பாய் வீட்டுக் கொல்லையிலேந்துதானே வருது? மண்டபத்துல வந்து சாப்புடுறவங்களுக்கு உப்புத் தண்ணியவா ஊத்தப் போறீங்க?" என் பக்கம் திரும்புனாங்க. "அமுதம், என் வாசல்ல ஒரு உசிரு துடிச்சுச் சாகக் கூடாது. சீக்கிரம் அள்ளிக்கிட்டுப் போ." உள்ள போயி ஒரு பித்தளை அண்டாவத் தூக்கியாந்து என் முன்னாடி வச்சாங்க. சாம்பார் வாசனையத் தவிர வேற எதுவும் அறியாத அண்டா அது.

குவியலைக் கெளறி அள்ளுனதுல மொத்தம் மூணு விராலு, ஏழு பனையேறி. தவளைய மட்டும் புடிக்க முடியல. அது மேரு வீட்டுலயே தங்கிடுச்சு.

அண்டாவ நானும் காத்தமுத்துவும் தூக்கிக்கிட்டு வந்தோம். மழை விட்டிருந்துச்சு. குளத்துல வேற எங்கயும் தண்ணி நிக்கல. எல்லாத்தையும் வெடிப்பு குடிச்சிடுச்சு. டிராக்டர் வெட்டுன பள்ளத்துல மட்டும் முழங்காலுக்குத் தண்ணி. அண்டாவச் சாய்ச்சேன். பனையேறி சிதறி ஓடுச்சு. பெரிய விராலு ஒரு நிமிஷம் அப்படியே நின்னு, தலைய மேல நீட்டி ஒரு வாய் காத்து வாங்கிட்டு அடியில போயிடுச்சு.

"பொழச்சுக்குமா அமுதம்?"ன்னு கேட்டாங்க கமருன்னிசா அக்கா. மழையில தொப்பலா நனைஞ்சிருந்தாங்க.

"அதுக்கு நாம சொல்லிக் குடுக்கணுமா அக்கா? திரும்பக் காஞ்சா திரும்ப எறங்கிப் படுத்துக்கும்."

கரையேறுறப்பதான் பாத்தேன். நான் கொட்டுன மணலு குளத்தோட ஓரத்துல வெள்ளையா திட்டா கெடந்துச்சு. வெறுங்கூடை நான் போட்ட எடத்துலயே கெடந்துச்சு. அதை எடுத்துக்கிட்டு மறுபடி எறங்கி, கொப்புளம் ஒடஞ்ச கையாலயே மணலை வழிச்சு அள்ளுனேன்.

"வுடுக்கா, ஒரு கூடை மணல்ல குளம் தூந்துடப் போவுதா?"ன்னான் காத்தமுத்து.

"கொட்டுனவ நானு. நாந்தான் அள்ளணும்."

கடைசிக் கை மணலையும் அள்ளிக் கூடைய நெரப்புனேன். அக்கா ஒரு பக்கம் கை குடுக்க, தலையில தூக்கி வச்சுக்கிட்டு ரோட்டுக்கு நடந்தேன். மேரோட மணல் குவியல் மேல அதைக் கொட்டிட்டு, கூடையத் தட்டி ஒதறிக் கவுத்து வச்சேன்.